சிரிப்பவர் மேலே, செத்தவர் கீழே

போர் விமானங்கள் 'ஓய்வு பெறுகின்றன' என்று எழுதுவது நம் நாளேடுகளின் வழக்கம். உழைத்துக் களைத்தவர் உட்காருவதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் அது. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஓய்வு பெற்ற போர் ஜெட்டுகள் பல உட்காரவில்லை. அவற்றைப் பணம் படைத்தவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். வண்ணம் பூசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு, செக்கோஸ்லோவாக்கியாவில் உருவான எல்-39 என்னும் பயிற்சி ஜெட்டுகள் நூற்றுக்கணக்கில் அமெரிக்கத் தனியார் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கொரியப் போரில் பறந்த மிக்-15, அதற்குப் பின் வந்த மிக்-17, ஏன், நம் விமானப்படை அறுபதாண்டுகளுக்கு மேல் வைத்திருந்த மிக்-21 கூட அங்கே தனியார் உடைமையாகப் பறந்திருக்கிறது.

இதெல்லாம் தமிழ் கற்பிக்கும் எனக்கு எதற்கு என்று கேட்கலாம். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் பயின்று, இன்று டெக்சாசில் மென்பொருள் துறையில் பணியாற்றிக்கொண்டு, வார இறுதிகளில் சிறுவிமானம் ஓட்டும் மாணவர் ஒருவர் இருக்கிறார். தம் விமானி நண்பர்கள் இத்தகைய ஜெட்டுக்கு உரிமம் பெறுவது பற்றிச் சொல்லிச் சிரிக்கும் துணுக்குகளை மொழிபெயர்த்து எனக்கு அனுப்பினார். 'அம்மா, நகைச்சுவை இலக்கியம் நடத்துகிறீர்களே, இதையும் பாருங்கள்' என்பது அவருடைய அன்பான குறிப்பு. பார்த்தேன். சிரிப்பு வரவில்லை என்று எழுதினேன். 'நகைச்சுவையை நகைச்சுவையாகப் பாருங்கள் அம்மா' என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கான என் மறுப்பே இக்கட்டுரை. அவரும் படிப்பார் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

துணுக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உரிமத்துக்கு மூன்று கையெழுத்துகள் வேண்டுமாம்: தேர்வாளர், வங்கி மேலாளர், மனைவி; முதலாவதுதான் எளிதாம். எழுத்துத் தேர்வில் ஒரே ஒரு வினாவாம்: உயில் எழுதியாயிற்றா? ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போவதற்குள் ஒரு மாதச் சம்பளம் புகையாகிவிடுமாம். ஆபத்து நேர்ந்தால் இருக்கையே வெடித்து ஆளை வெளியே வீசிவிடும். உயரத்தில் ஓர் அங்குலம் குறையும், அதற்குத் தனிக்கட்டணம் கிடையாதாம்.

இவற்றில் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. மனைவியைக் கையெழுத்துப் போடும் இடையூறாக மட்டும் காணும் பழைய ஆண்சிரிப்பையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். என் கேள்வி வேறு. இத்துணுக்குகளில் வருபவர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். விமானி வருகிறார். தேர்வாளரும் வங்கி மேலாளரும் மனைவியும் வருகிறார்கள். விமானம் விழுந்தால் அது யார் தலையில் விழுமோ, அவர் மட்டும் ஒரு துணுக்கிலும் வருவதில்லை.

அவர் யார் என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. 1972 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் விமானக் காட்சி ஒன்று. தனியாருக்குச் சொந்தமான, கனடாவில் கட்டப்பட்ட சேபர் என்னும் பழைய போர் ஜெட் அங்கிருந்து புறப்பட முயன்றது. மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தியதால் விமானம் மேலெழவில்லை. ஓடுபாதையைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிரில் இருந்த பனிக்கூழ்க் கடைக்குள் பாய்ந்தது. எரிபொருள் நிறைந்த கலங்கள் வெடித்தன. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் குழந்தைகள். சிறுவர் கால்பந்துக் குழு ஒன்று அங்கே கூடியிருந்தது. விமானி உயிர் பிழைத்தார். அந்த வகை ஜெட்டில் அவருக்கு இருந்த அனுபவம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு.

இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பழைய போர் ஜெட்டுகளை ஓட்டும் தனியாருக்கான விதிகளை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இறுக்கியது. இன்று அத்தகைய ஜெட்டை ஓட்ட விரும்பும் விமானி, பொதுவான உரிமத்தோடு, அந்தக் குறிப்பிட்ட வகைக்கென்று தனிப் பயிற்சியும் தேர்வும் முடித்துத் தனி அனுமதி பெற வேண்டும். துணுக்குகள் கேலி செய்வது இந்த அனுமதியைத்தான். 'ஒரு தாளுக்கு எத்தனை பாடு பார்' என்று சிரிக்கிறார்கள். அந்தத் தாள் ஓர் அலுவலகத்தின் மேசையில் பிறந்ததன்று. ஒரு பனிக்கூழ்க் கடையின் சாம்பலிலிருந்து எடுத்தது. அதைப் பெறப்போகிறவருக்கு இந்த வரலாறு தெரியாதென்றால் அவர் இன்னும் உரிமத்துக்குத் தகுதி பெறவில்லை. தெரிந்தும் சிரிக்கிறார் என்றால் என்ன சொல்வது?

*

மாணவரின் முதல் வாதம்: ஆபத்தான தொழிலில் இருப்பவர்கள் அச்சத்தைச் சிரித்துத்தான் கரைக்கிறார்கள், போர்வீரர்களின் சிரிப்பு அப்படிப்பட்டது. உண்மைதான். அந்தச் சிரிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அச்சம் யாருடையது, ஆபத்தைத் தேர்ந்தவர் யார் என்பதை வைத்தே சிரிப்பின் தரம் அமைகிறது. ஆணையின் பேரில் ஏறியவனுடைய சிரிப்பும், காசு கொடுத்து ஏறியவருடைய சிரிப்பும் ஒன்றாகா.

நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கு. எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்கும். எள்ளல் என்பதில் யார் யாரை எள்ளுகிறார் என்ற திசை உண்டு. புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். மாலையும் பீலியும் சூட்டி நெய் பூசி மினுக்கி வைத்த ஆயுதங்கள். அவர் அவற்றைப் புகழ்வதுபோலப் பேசி, எம் மன்னனின் வேல்களோ சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். கையில் ஆயுதம் இல்லாத ஒருவர், ஆயுதக் குவியலின் உடைமையாளனைப் பார்த்து எள்ளும் எள்ளல் இது. அதனால்தான் ஈராயிரம் ஆண்டுகள் ஆகியும் அது மழுங்கவில்லை.

போர் ஜெட்டைப் பற்றியும் அத்தகைய நகைச்சுவை ஒன்று உண்டு. மேற்கு ஜெர்மனி அமெரிக்காவின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் விமானங்களைத் தொள்ளாயிரத்துக்கு மேல் வாங்கியது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விபத்துகளில் அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகள் இறந்தார்கள். 'விதவையாக்கி' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அப்போது அங்கே உலவிய துணுக்கு இது: உனக்கு ஒரு ஸ்டார்ஃபைட்டர் வேண்டுமா? ஒரு துண்டு நிலம் வாங்கிப்போட்டுக் காத்திரு.

இரண்டையும் அருகருகே வையுங்கள். இரண்டுமே போர் ஜெட்டைச் சொந்தமாக்கிக்கொள்வது பற்றியவை. ஜெர்மானியத் துணுக்கு தரையில் நிற்பவன் சொல்வது. அண்ணாந்து பார்த்தபடி, அரசையும் தளபதிகளையும் விற்றவனையும் ஒருசேரக் குத்துகிறது. அதில் நிலம் இருக்கிறது. நிலத்தில் ஆள் இருக்கிறான். டெக்சாஸ் துணுக்குகளில் வங்கிக் கணக்கு இருக்கிறது, இருக்கை இருக்கிறது, வானம் இருக்கிறது. நிலம் இல்லை. முன்னது எள்ளல். பின்னது பேதைமை. நான் நகைச்சுவைக்கு எதிரி அல்லேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடச் சொல்வதற்குத்தான் எதிரி.

*

இரண்டாம் வாதம்: இவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் அல்லர், பலர் முன்னாள் விமானப்படையினர், பயணிகள் விமானத்தின் தலைமை விமானிகள், அனுபவசாலிகளுக்கு உரிமம் ஒரு சடங்குதான்.

2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் நகரில் நிகழ்ந்ததை இதற்கு விடையாகத் தருகிறேன். 1955இல் கட்டப்பட்ட ஹாக்கர் ஹன்டர் ஜெட். ஓட்டியவர் விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர், பயணிகள் விமானத்தின் விமானி, முறையான அனுமதி உடையவர். வானில் செங்குத்தாக ஒரு கரணம் அடித்து மீள வேண்டும். கரணத்தின் உச்சி குறைந்தது 3,500 அடியில் இருக்க வேண்டும். ஏறத்தாழ 2,700 அடிதான் எட்டியது என்று பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுக் கிளை 2017இல் அறிக்கை தந்தது. மீள இடம் இல்லாமல் விமானம் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். வண்டியில் போய்க்கொண்டிருந்தவர்களும், சாலையோரம் நின்றிருந்தவர்களும். காட்சித் திடலுக்குள் சீட்டு வாங்கி அமர்ந்திருந்த பார்வையாளர் ஒருவர்கூட அந்தப் பதினொருவரில் இல்லை. விமானி பிழைத்தார். 2019இல் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2022இல் மரண விசாரணை அதிகாரி, அந்தப் பதினொருவரும் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்று முடிவு கூறினார்.

அந்த விமானியைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அன்று. நீதிமன்றம் அதைச் செய்து முடித்துவிட்டது. நான் காட்ட விரும்புவது, அனுபவம் கேடயமாக நிற்பது யாருக்கு என்பதை. பல்லாயிரம் மணி நேர அனுபவம் உள்ளவர்களுக்கும் எண்ணூறு அடி குறையும். குறையும்போது அதன் விலையை மேலே இருப்பவர் மட்டும் கொடுப்பதில்லை. பல வேளைகளில் அவர் கொடுப்பதே இல்லை.

இருக்கைத் துணுக்குக்கு வருகிறேன். வெடித்து வெளியே வீசும் இருக்கை அரிய கண்டுபிடிப்பு. ஆயிரக்கணக்கான விமானிகளின் உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் அது வீசிய நொடியிலிருந்து, பல டன் எடையுள்ள இரும்பும் எரிபொருளும் ஆளில்லாமல் ஊரை நோக்கிப் போகின்றன. 2023 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், விமானக் காட்சியில் பறந்த தனியார் மிக்-23 ஒன்றில் எஞ்சினின் விசை குறைந்தது. இருவரும் வெளியே வீசப்பட்டுப் பிழைத்தார்கள். விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாகன நிறுத்தத்தில் விழுந்து எரிந்தது. தரையில் ஒருவரும் சாகவில்லை. யார் திறமையாலும் அன்று. அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஓர் அங்குல உயரம் குறையும் என்று சிரிப்பவர்கள், அந்த வாகன நிறுத்தத்தையும் துணுக்கில் சேர்த்துக்கொண்டு சிரித்துப் பார்க்கட்டும்.

இது அயல்நாட்டாரின் பொழுதுபோக்கு நோய் என்று நாமும் ஒதுங்கிவிட முடியாது. 1963இல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதை நாம் 'பறக்கும் சவப்பெட்டி' என்று சொல்லிப் பழகினோம். அந்தப் பெயரைச் சற்று உற்றுப் பாருங்கள். சவப்பெட்டிக்குள் இருப்பவர் யார்? விமானி. பெயரே உள்ளிருப்பவரை மட்டும்தான் எண்ணுகிறது. 1971 முதல் 2012 ஏப்ரல் வரை நிகழ்ந்த மிக் வகை விமான விபத்துகளில் 171 விமானிகளும் 39 பொதுமக்களும் இறந்ததாகப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் தெரிவித்தார். 2023 மே 8 அன்று இராசத்தானின் அனுமான்கர் மாவட்டத்தில் மிக்-21 ஒன்று வீட்டின் மேல் விழுந்தது. விமானி வெளியேறிப் பிழைத்தார். மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர்கள் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை, தங்கள் ஊரில் இருந்தார்கள். நாட்டுக் காவல் என்ற தேவையை முன்னிட்டுப் பறந்த விமானத்துக்கே இந்தக் கேள்வி உண்டு என்றால், ஞாயிற்றுக்கிழமை இன்பத்துக்காகப் பறப்பதற்கு எத்தனை மடங்கு உண்டு?

*

மூன்றாம் வாதம்தான் வலுவானது. பழைய விமானம் பறந்தால்தான் உயிரோடு இருக்கும். அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் அது பாடம் செய்த புலி. தொழில்நுட்ப மரபு அழிந்துபோகும். ஓலைச்சுவடியைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்பதை எதிர்ப்பவள் என்ற முறையில் இந்த வாதத்தின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. பிரிட்டனின் வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பொதுமக்களின் நன்கொடையால் ஓர் அறக்கட்டளை மீட்டெடுத்து 2007 முதல் பறக்கவிட்டது. அதற்குப் பொறியியல் துணைநின்ற நிறுவனங்கள், இனிமேல் எங்களால் பொறுப்பேற்க இயலாது என்று கூறியபோது, 2015 அக்டோபரில் அதன் பறப்பை நிறுத்திக்கொண்டார்கள். மரபைப் பேணுவது என்பது இது. எப்போது நிறுத்துவது என்ற அறிவும் மரபில் அடங்கும்.

ஆகவே, பழைய ஜெட்டுகள் ஒன்றுகூடப் பறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஷோரமுக்குப் பிறகு பிரிட்டனின் ஆணையம், பழங்கால ஜெட்டுகள் தரைக்கு மேல் கரணம் அடிப்பதற்குத் தடை விதித்து, நேராகப் பறந்து போக மட்டும் இசைவு தந்தது. அத்தகைய கட்டுப்பாடு போதுமா போதாதா என்பதை அத்துறை அறிந்தவர்கள் பேசட்டும். நான் பேசுவது அந்தப் பேச்சில் யார் பெயர் விடுபடுகிறது என்பதைப் பற்றி.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. போருக்கென்று கட்டப்பட்ட விமானம், குடிமக்களுக்கான விமானங்களுக்குரிய தகுதிச் சோதனைகளைக் கடந்ததன்று. எனவே அதற்கு முழுமையான சான்று கிடையாது. 'எக்ஸ்பெரிமென்டல்', அதாவது 'சோதனை நிலை' என்ற பிரிவில் சிறப்புச் சான்று தருகிறார்கள். ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு, பல்லாண்டு பறந்து, ஓய்வும் பெற்றுவிட்ட விமானம் இன்னும் சோதனை நிலை! சட்டம் இந்த ஒரு சொல்லில் உண்மை பேசிவிடுகிறது. அத்தோடு நிற்கவில்லை. மக்கள் நெருங்கி வாழும் பகுதிக்கு மேல் தனி இசைவின்றி அது பறக்கக் கூடாது. புறப்படவும் இறங்கவும் அப்படிப்பட்ட இசைவு பெறலாம். சாக்ரமெண்டோவில் விமானம் புறப்படத்தான் முயன்றது என்பதை மறக்க வேண்டா. இன்னும் ஒன்று: அந்தச் சொல்லை விமானத்தின் நுழைவாயில் அருகே, ஏறுபவர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். உடன் வருபவரிடம், இது சோதனை நிலை விமானம் என்று விமானி சொல்லவும் வேண்டும்.

எச்சரிக்கை யாருக்கு என்று பாருங்கள். ஏறுபவருக்கு. தானாக விரும்பி, ஏணியில் கால் வைத்து, தலைக்கவசம் மாட்டிக்கொள்பவருக்கு. கீழே சாலையில் போகிறவருக்கு எந்த அறிவிப்பும் இல்லை.

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிறார். அம்பு விடுமுன் அவன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் மகப்பேறு இல்லாதோரையும் அழைத்து, காவலான இடம் சேருங்கள் என்று அறிவிப்பான் என்பது பாட்டின் செய்தி. அவன் உண்மையில் அப்படிச் செய்தானா, புலவரின் புகழ்ச்சியா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. பட்டியலில் விடுபட்டோர் யார் என்றும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புகழ்ச்சியாகவே இருக்கட்டும். ஆயுதம் ஏந்தியவனிடம் புகழத்தக்கது எது என்பதில் அந்தப் புலவருக்குத் தெளிவு இருந்தது. ஆயுதத்தின் எதிர்முனையில் இருப்பவரை நினைப்பது. நினைத்து, முன்கூட்டிச் சொல்வது. போர் நடக்கும்போதே அந்த அறம் வேண்டும் என்று கருதினார்கள். இங்கே போர் முடிந்து, ஆயுதம் ஓய்வு பெற்று, விளையாட்டுப் பொருளாகிவிட்டது. எதிர்முனை மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே பனிக்கூழ் தின்னும் குழந்தை இருக்கிறது.

எனவே என் மாணவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரிமம் பெறுங்கள், கசடறக் கற்றுப் பெறுங்கள். பெற்ற பிறகு, 'சோதனை நிலை' என்ற அந்தச் சொல்லை நுழைவாயிலில் சிறிய எழுத்தில் எழுதுவதோடு விடாமல், விமானத்தின் வயிற்றுப்புறத்தில், தரையிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். எழுத மனம் கூசினால் ஏன் கூசுகிறது என்று யோசியுங்கள். அதன் பிறகும் சொல்வதற்குத் துணுக்கு ஏதேனும் மிஞ்சியிருந்தால் அனுப்புங்கள், தம்பி. கட்டாயம் படிக்கிறேன்.